அணை திறந்தாச்சு... பிரேக் பார்த்தாச்சா?

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் எல்லாக் கணக்கும் மேட்டூரில்தான் ஆரம்பம். ஜூன் 12-ம் தேதி அணை திறக்குமா, திறக்காதா என்பதை வைத்துத்தான் நடவு, நகைக்கடன், பெண்ணுக்கு மாப்பிள்ளை எல்லாம். என் மாருதி 800-க்கும் அதே காலண்டர்தான். 2008 மாடல். 2014 ஜனவரியில் கம்பெனியே இந்த வண்டி தயாரிப்பதை நிறுத்திவிட்டது. நான் ஓட்டுவதை நிறுத்தவில்லை, அவ்வளவுதான்!

ஆனியில் பிரேக். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போக வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். தண்ணீர் வந்துவிட்டால் கிராமத்து ரோடுகளில் காலடியில் தார், கையெட்டும் தூரத்தில் வாய்க்கால். பின்சீட்டில் அம்மா. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சமாசாரம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகணும்.

புரட்டாசியில் டயர். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் பட்டனைப் பார்த்துவிட வேண்டும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே தப்பு. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். '3519' என்றால் 2019-ம் வருஷம் 35-வது வாரத்தில் பிறந்தது. பெண்ணுக்கு ஜாதகம் பார்க்கிற ஊர், டயருக்குப் பார்க்கக் கூடாதா?

தையில் வயரிங். சம்பா அறுவடையானதும் வயல் எலிகள் வீடு தேடிக் கிளம்பும். வாடகை இல்லாத ஒரே போர்ஷன், என் கார் பானெட்! ரோட்டில் பரப்பிய வைக்கோல் வேறு அடியில் சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்சரில் பட்டால் தீதான். இறங்கிக் குனிந்து பிடுங்கிப் போடணும்.

ஆபீஸ் நண்பர்களுக்கு இதெல்லாம் ரசிக்கவில்லை. "என்னப்பா, அலாய் வீல் போடு, டச் ஸ்கிரீன் போடு, 100 வாட்ஸ் பல்பு போடு!" கம்பெனி கொடுத்தது 60/55 வாட்ஸ். அதற்கு மேல் போட்டால் ஹோல்டர் உருகும், எதிரே டி.வி.எஸ்.-ஸில் வருகிறவருக்குக் கண் போகும்.

கரந்தை மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "தம்பி, பாட்டு நிக்கலாம், ஏ.சி. நிக்கலாம். பிரேக் அடிச்சா வண்டி நிக்கணும்!"

பி.காம். பாஷையில் சொன்னால், அலாய் வீல் சொத்துக் கணக்கில் ஏறும். பிரேக் ஷூ வெறும் செலவு. ஆனால் உயிரைக் காப்பாற்றுவது என்னமோ செலவுக் கணக்கில் போகிற சாமான்தான்.

நான் செய்த ஒரே 'அப்கிரேட்' பெட்ரோல் ஹோஸ். இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஒத்துக்காது. எத்தனால் தாங்குகிற ஹோஸாக மாற்றினேன். அதைத் திறந்து காட்டி யாரிடம் பெருமை அடிப்பது?

அடுத்து 2028-ல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆகி, இருபது வயசு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகிவிட்டது. இப்போதே மாசாமாசம் எடுத்துவைக்கிறேன். "அந்தக் காசுக்கு அலாய் வீல் வாங்கலாமே சார்" என்கிறார் பக்கத்து சீட் நண்பர்.

வாங்கலாம். ஆர்.சி. இல்லாத காரில் மாட்டி, வாசலில் நிறுத்தி, எலிகளுக்குக் காட்டலாம்!