ஹோரிகிரியின் பூ வயல்

ஜூன் மாதத்து டோக்கியோவில் மழை கொட்டித் தீர்ப்பது குறைவு. பல நாட்கள் விடாமல் தூறிக்கொண்டிருக்கும். ‘ஹனஷோபு’ என்னும் ஜப்பானிய ஐரிஸ் பூப்பது அந்தத் தூறலில்தான். குடையும் கையுமாக நகரின் ஹோரிகிரி பகுதியிலுள்ள ஐரிஸ் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பூங்காவுக்குள் கால் வைத்ததும் அசந்து நின்றுவிட்டேன். வரப்பு, வாய்க்கால், தண்ணீர் கட்டிய பாத்திகள் என்று நம் நஞ்சை வயலேதான். ஆனால் நெல்லுக்குப் பதிலாக வெள்ளை, ஊதா, இளஞ்சிவப்பு என ஐரிஸ்கள். சுமார் 200 வகைகள், 6,000 செடிகள்.

ஒரு பூவின் அருகே குனிந்தேன். உள்ளங்கையைவிட அகலமான மெல்லிய இதழ்கள் தளர்ந்து தொங்கின. ஒவ்வொன்றின் அடியிலும் மஞ்சள் கீற்று. அங்கிருந்து ஊதா நரம்புகள் விளிம்புவரை ஓடின. ஈரப் புல்வெளிகளில் தானாக வளரும் காட்டு ஐரிஸிடமிருந்து வந்த அடையாளம் அந்தக் கீற்று. ஒரு பூ மூன்று நாள் தாங்கும். அது வாடியதும் அதே உறையிலிருந்து அடுத்த மொட்டு விரியும். ஓலைத் தொப்பி அணிந்த தோட்டக்காரப் பெண்கள், அந்த மொட்டில் நகம் படாமல் வாடியதை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டோக்கியோ ‘எடோ’ என்று அழைக்கப்பட்ட காலத்து சாமுராய் மாட்சுதைரா சதாதோமோ, விதை போட்டு இந்த ஐரிஸில் புதுப்புது வகைகளை உருவாக்குவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். அவர் இறந்தது 1856இல். அடுத்த ஆண்டே ஓவியர் ஹிரோஷிகே, ஹோரிகிரியின் ஐரிஸ்களைத் தம் புகழ்பெற்ற எடோ காட்சி வரிசையில் சேர்த்தார். போர்க்காலத்தில், 1942இல், உணவு உற்பத்திக்காக இந்தப் பூந்தோட்டம் உண்மையாகவே நெல்வயலானது. வேற்றூருக்கு அனுப்பிக் காப்பாற்றிய செடிகள் போருக்குப் பின் திரும்பி வந்தன.

பாத்திகளில் இவ்வளவு தண்ணீரைப் பார்த்தால் இந்த ஐரிஸ் நீர்த்தாவரம் என்றே தோன்றும். அப்படியல்ல. தண்ணீர் கட்டுவது பூக்கும் பருவத்தில் மட்டும், அதுவும் பெரும்பாலும் அழகுக்காக. பருவம் முடிந்ததும் வடித்துவிடுகிறார்கள். மண்ணில் ஈரம் இருந்தாலே போதும். குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் தேங்கினால் வேர்த்தண்டு அழுகிவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பூத்து முடிந்த கையோடு தூரைப் பிரித்துப் புது மண்ணில் நடவேண்டும். சுண்ணாம்பு மண் இதற்கு ஆகாது.

ஈரம் விரும்பும் செடி என்றால் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் கவனிப்பு என்று நினைக்கிறோம். வேளை பார்த்து வடித்துவிடுவதும் கவனிப்புதான். ஹோரிகிரியின் ஒவ்வொரு பூவும் அந்தக் கவனிப்பில் மலர்ந்தது.