மேலகரத்தில் ஓர் இரவு

குற்றாலக் குறவஞ்சியைத் தேர்வுக்காகப் படித்த நாங்கள், அதில் குறத்தி புகழ்ந்துரைக்கும் மலையை நேரில் காண விழைந்து, ஓர் ஆடி மாதத்தில் வனத்துறையின் அனுமதியோடு புறப்பட்டோம். பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவிவரை ஏறினோம். அதற்கும் அப்பால், பாறையிடுக்குகளில் தேனடைகள் தொங்குவதால் பெயர்பெற்ற தேனருவி. அந்நேரம் சாரல் பெருமழையாக மாறிற்று. சிற்றாறு நிறம் கலங்கிச் சீறியது. போயே தீரவேண்டுமென எங்களுள் சிலர் வாதிட்டனர். வழிகாட்டியோ ஒரு சொல்லும் பேசாமல் கீழ்நோக்கி நடந்தார். மனக்குறையோடு பின்தொடர்ந்தோம்.

திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரத்தில், ஓர் ஓட்டு வீடு அன்றிரவு எங்களுக்கு இடமளித்தது. நனைந்து நடுங்கிய எங்களுக்கு அவ்வீட்டு மூதாட்டியார் சுக்குக் காப்பி தந்து, சுடுசோறு பரிமாறினார்.

“தேனருவியைப் பார்க்க முடியவில்லையே, பாட்டி!” என்று வருந்தினோம்.

“மலை எங்கயும் ஓடிப் போயிராது ஐயா; நீங்க திரும்பி வந்தீங்களே, அது போதும்” என்றார்.

மறுநாள் காலை பேரருவியின்முன் நின்றோம். பாதுகாப்பு வளைவையும் மூடிக்கொண்டு செந்நீர் வீழ்ந்துகொண்டிருந்தது. வழிகாட்டியின் மௌனம் அப்பொழுதுதான் எங்களுக்கு விளங்கிற்று. விடைபெறும்போது நீட்டிய பணத்தை மூதாட்டியார் வாங்க மறுத்துவிட்டார்.

தேனருவியை நாங்கள் இன்றுவரை கண்டதில்லை. அதனை ஒரு குறையாக எண்ணியதும் இல்லை.