அங்குலமும் பெட்டியும்: பாலாவி வழிச்செல்லும் வாகனங்களில் தாழொலி அமைக்கும் தொழில்

புத்தளம் செல்லும் ஏ-3 வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரிகின்ற பாலாவிச் சந்தி, மீன் ஏற்றும் சிறு லொறி, பயணிகளைக் கொண்டுசெல்லும் ஹயஸ் வான், குடும்பக் கார், முச்சக்கர வண்டி எனப் பலவகை வாகனங்கள் கடந்துபோகும் இடமாகும். ஏறத்தாழ 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையான தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் ஒலிபெருக்கி சப்வூஃபர் எனப்படும். ஒரே சப்வூஃபரை இவ்வாகனங்களில் மாறிமாறிப் பொருத்தினாலும் ஒவ்வொன்றிலும் அது வெவ்வேறாகவே ஒலிக்கும். வாகன உரிமையாளர் பத்து அங்குலமா, பன்னிரண்டு அங்குலமா என்று கேட்கையில், தொழில் தெரிந்தவர் வண்டியின் உள்வெளியையும் பெட்டிக்குக் கிடைக்கும் இடத்தையும் மின்வழங்கலையும் பார்த்த பின்னரே விடை கூறுவதற்குக் காரணம் இதுவே.

அங்குலம் என்பது காற்றைத் தள்ளும் கூம்பின் விட்டத்தைக் குறிக்கிறது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதால், ஒரு 12 அங்குலத்தை 144 என்று கொண்டால் இரண்டு 10 அங்குலங்கள் 200 ஆகவும், ஒரு 15 அங்குலம் 225 ஆகவும், நான்கு 8 அங்குலங்கள் 256 ஆகவும் அமையும். எனவே இருக்கைக்கு அடியிலோ பின்புறத்திலோ ஆழம் குறைந்த இடமே கிடைக்கும் வாகனத்தில், சிறிய சப்வூஃபர்களைக் கூட்டிப் பெரியதன் பரப்பை எட்டுவது நடைமுறைக்கு ஏற்ற வழியாகும். ஒரே வகையான சப்வூஃபர் இரண்டாகி, ஒவ்வொன்றுக்கும் முன்னிருந்த அளவு மின்திறனும் கிடைத்தால், ஒலியளவு சுமார் 6 டெசிபெல் உயரும். மின்திறன் கூடாவிட்டால் உயர்வு சுமார் 3 டெசிபெல்லே.

பெட்டி அடிப்பது இத்தொழிலின் நுட்பமான பகுதியாகும். மூடிய பெட்டியில் அடைபட்ட காற்று சுருள்வில்லைப் போலக் கூம்பைப் பின்னிழுத்துக் கட்டுப்படுத்துவதால் இசை செறிவாக ஒலிக்கிறது. குழாய்வாய் வைத்த பெட்டியில் குழாயின் நீளமும் விட்டமும் பெட்டியின் கொள்ளளவும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணைத் தீர்மானிக்க, அதனருகே ஒலி மிகுகிறது. பொதுவாக 12 அங்குலத்திற்கு மூடிய பெட்டி 30 லீற்றர் அளவில் போதும் என்றால், குழாய்வாய்ப் பெட்டி 50 முதல் 60 லீற்றர் வரை கேட்கும். அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் 1961இல் வெளியிட்டு, ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் விரித்த கணக்கு முறையின் அளவீடுகளே இன்று சப்வூஃபருடன் வரும் தாளில் அச்சிடப்படுகின்றன. அத்தாளைப் படித்துப் பலகை வெட்டுபவரின் பெட்டிக்கும் கண்ணளவில் வெட்டுபவரின் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு முதற்பாட்டிலேயே வெளிப்படும்.

அடுத்ததாக வாகனத்தின் உள்வெளியும் ஒலிக்குத் துணைசெய்கிறது. அலைநீளத்தின் பாதி உள்வெளியின் நீளத்தை விஞ்சும்போது தாழொலியின் அழுத்தம் தானே உயரத் தொடங்கும். இரண்டரை மீற்றர் உள்நீளமுள்ள காரில் இவ்வுயர்வு 70 ஹெர்ட்ஸை அண்டியும், நான்கு மீற்றர் வானில் 45 ஹெர்ட்ஸை அண்டியும் தொடங்குகிறது. இருபுறமும் திறந்த முச்சக்கர வண்டிக்கு இத்துணை கிடைப்பதில்லை. ஆகவே காருக்கு மூடிய பெட்டியில் ஒரு 10 அங்குலமே நிறைவளிக்கலாம். முச்சக்கர வண்டிக்கோ 45 முதல் 50 ஹெர்ட்ஸுக்கு இசைவாக்கிய குழாய்வாய்ப் பெட்டியில் ஓர் 8 அல்லது 10 அங்குலம் பொருந்தும்.

அளவுகளைக் கலப்பதில் எச்சரிக்கை தேவை. 10 அங்குலத்தையும் 12 அங்குலத்தையும் பெட்டியின் ஒரே அறையில் இட்டால், இரண்டும் வெவ்வேறு நேர ஒழுங்கில் அசைந்து ஒன்றன் ஒலியை மற்றொன்று குறைக்கக்கூடும் என்பதால், ஒரே வகையானவற்றை இணைப்பதே நெறியாகும். இணைக்கும் முன் சிறு பற்றறியொன்றைக் கம்பி முனைகளில் ஒரு கணம் தொட்டு, கூம்புகள் அனைத்தும் ஒரே பக்கம் நகர்கின்றனவா என்று பார்ப்பது பழகிய கைகளின் வழக்கம். இரண்டு சப்வூஃபர்களின் 4 ஓம் சுருள்கள் பக்கவிணைப்பில் 2 ஓம் ஆகிவிடுவதால் அம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்பதும் கணக்கிடப்பட வேண்டும். 500 வாற் வெளியீட்டுக்கு, 80 சதவீதத் திறனுடைய அம்ப்ளிஃபயர்கூட வண்டியின் மின்வழங்கலிலிருந்து ஏறத்தாழ 45 அம்பியர் இழுக்கும். 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த நாட்டில் பழைய வண்டிகளே நெடுங்காலம் ஓடவேண்டியிருந்ததால், தேய்ந்த மின்னாக்கியும் (அல்டனேற்றர்) வண்டியுடலோடு சேரும் துருவேறிய மின்னிணைப்பும் இக்கணக்கில் சேரவேண்டியவையாயின.

உப்பளங்கள் நிறைந்த பாலாவியின் கடற்காற்று மற்றொரு நிபந்தனையை விதிக்கிறது. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஈரம் ஏறினால் ஊதி, பெட்டியின் மூட்டுகள் விட்டுப்போகும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி இணைப்புகளில் அரிபடும். கடல்வகைப் பிளைவுட், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, ஈரம் குடிக்காத பொலிப்புரொப்பிலீன் கூம்பு ஆகியவற்றுக்குச் செலவு கூடினாலும் அவையே இக்கரையில் நிலைத்து உழைக்கும். வரவுசெலவு குறுகியதாயின், இரண்டாவது சப்வூஃபரை விடுத்து நல்ல பலகைக்கும் கம்பிக்கும் பணம் ஒதுக்கும்படி வாடிக்கையாளரிடம் சொல்லத் துணியும் தொழிலாளியே இத்தொழிலைக் கற்றுத் தேர்ந்தவராகக் கருதப்படத் தக்கவர்.