ஆர்பேசியாவின் கோடை

ஜூன் பிறந்தால் இப்போதும் மனம் வுட்ஸ் ஹோலுக்குப் போய்விடுகிறது. மாசசூசெட்ஸ் கடற்கரையில், 1888-இல் தொடங்கிய கடல் உயிரியல் ஆய்வுக்கூடம் இருக்கும் ஊர். ஆர்பேசியா என்ற கடல் முள்ளெலி அங்கே முட்டை நிறைந்து நிற்பது கோடையில்தான். அந்தச் சில மாதங்களை விட்டால் அடுத்த ஆண்டுதான்.

பொட்டாசியம் குளோரைடு கரைசலை ஊசியில் ஏற்றி, கடல்நீர் நிறைந்த பீக்கரின் மேல் முள்ளெலியைக் கவிழ்த்து வைப்போம். பெண் என்றால், உச்சியிலுள்ள ஐந்து துளைகளிலிருந்தும் செங்கல் நிறத்தில் முட்டைகள் இழை இழையாக இறங்கி அடியில் படியும். ஆண் என்றால் வெள்ளை விந்து. அதைத் தண்ணீர் படாமல் ஐஸில் வைத்துவிட வேண்டும். பிறகு துளி விந்தைக் கடல்நீரில் கரைத்து முட்டைகளில் விட்டதும் யாராவது கடிகாரத்தை அழுத்துவார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முட்டைக்கு முட்டை மெல்லிய சவ்வு எழும்பும்.

அதற்குப் பிறகு அரட்டை கிடையாது. டிஎன்ஏவில் சேரும் கதிரியக்கத் தைமிடின் கலந்த நீரில் கருக்கள்; சில நிமிடத்துக்கு ஒரு சாம்பிள். மாலையில் வரைபடத் தாளில் புள்ளிகள் படிக்கட்டாக ஏறும். ஒவ்வொரு படியும் டிஎன்ஏ ஒரு முறை இரட்டித்ததன் தடம். மனித செல்லுக்கு இதற்கே எட்டு மணி நேரம்போல் ஆகும். பசிபிக் கரையின் ஊதா முள்ளெலிக் கருவுக்கோ, 15 டிகிரியில் சுமார் 13 நிமிடம் போதும் என்று 1964-இலேயே அளந்திருந்தார்கள். வேண்டிய நொதிகளைத் தாய் முட்டையிலேயே சேர்த்துவைத்திருக்கிறாள். டிஎன்ஏ இழை நெடுகப் பல இடங்களில் ஒரே சமயத்தில் இரட்டிப்பு தொடங்கிவிடுகிறது.

1982 கோடையில் இதே ஊரில், இதே ஆர்பேசியா முட்டைகளில்தான், ஒவ்வொரு செல் பிளவின்போதும் ஒரு புரதம் மறைந்து மறுபடி சேர்வதை டிம் ஹண்ட் கண்டார். அதுதான் சைக்ளின். 2001-இல் நோபல் பரிசு. அந்தக் கதை தெரிந்த எங்களுக்கு, புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லைக் கழுவும்போதெல்லாம், நமக்கும் அப்படி ஒன்று தென்படாதா என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பேராசை.

இப்போது என் வேலை திரையில். 2006-இல் வெளியான ஊதா முள்ளெலி மரபணுத் தொகுதியின் எண்பது கோடி எழுத்துகளும் எந்த மாதத்திலும் கிடைக்கும். நடுவில் எழுந்து டீ குடித்துவிட்டு வந்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். வுட்ஸ் ஹோலில் நாங்கள் எப்போது சாப்பிடலாம் என்பதைக்கூடக் கருதான் முடிவு செய்தது. எனக்காகக் காத்திருக்காத ஒன்றுக்குப் பின்னால் ஓடிய அந்தச் சுகத்தை அதற்குப் பிறகு எந்த வேலையும் தரவில்லை.