கடலில்லா ஊரில் ஒரு தோணி

தலைநகருக்குக் குடிவந்த தமிழர்களாகிய நமக்கு இங்கே மலை மந்திரில் முருகன் இருக்கிறான், தமிழ் கற்பிக்கும் பள்ளிகள் இருக்கின்றன, கடல்தான் இல்லை. "தோணி என்றால் எப்படியப்பா இருக்கும்?" என்று எங்கள் மகன் கேட்டபோது நாங்கள் நாணினோம். எங்கள் பூர்விகம் தூத்துக்குடி. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊர். மரத்தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற துறை. மரத்திலேயே விடை சொல்லத் துணிந்தோம்.

கீர்த்தி நகர் மரக்கடையில் தேக்குத் துண்டுகளை வாங்கி, மெல்லிய பட்டைகளாக அறுத்துக்கொண்டோம். ஏரா என்னும் அடிமரத்தின்மேல் வங்குகளாகிய விலாச்சட்டங்களைப் பொருத்தினோம். பிறகு ஒருபக்கப் பட்டைகளை முழுவதும் ஒட்டிவிட்டோம். மறுநாள் அடிமரமே முறுக்கிக்கொண்டது! இடம் ஒன்று, வலம் ஒன்று என மாற்றி மாற்றி ஒட்டுதலே முறை. வளையாத பட்டையை வெந்நீரில் ஊறவைத்து, வங்குகளில் கட்டி, உலர்ந்தபின் ஒட்டுக. உப்புத்தாளை மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க. கயிறாகும் நூலுக்குத் தேன்மெழுகு தடவினால் பிசிறு அடங்கும். தில்லியின் கோடையில் மரம் சுருங்கும், மழையில் உப்பும். ஆதலின் வார்னிஷ் பூச மறவாதீர்.

இரண்டாம் தோணி எட்டு மாதத்தில் முடிந்தது. பாய்மரம் சற்றுக் கோணல்தான். ஆயினும் மகன் அதைத் தன் பஞ்சாபித் தோழனுக்குக் காட்டி, "எங்கள் ஊர்த் தோணி" என்றான். தில்லியில் பிறந்த பிள்ளை தூத்துக்குடியை 'எங்கள் ஊர்' என்றது அன்றுதான். அன்பர்களே, கைத்திறன் இல்லையே என்று தயங்க வேண்டா, பொறுமை போதும். உங்கள் இல்லத்திலும் ஒரு தோணி மிதக்கட்டும்.