காட்டுப்பன்றியும் கைத்துப்பாக்கித் தோட்டாவும்

ஸ்பானியரான எர்னாண்டோ டி சோட்டோ 1539-ஆம் ஆண்டில் புளோரிடாக் கரையில் இறக்கிய பன்றிகளின் வம்சமும், பிற்காலத்தில் வேட்டை விநோதத்துக்கென்று ஐரோப்பாவிலிருந்து தருவிக்கப்பட்ட காட்டுப்பன்றிகளின் வம்சமும் கலந்து பெருகி, இன்று டெக்ஸாஸ் மாநிலத்து வயல்களை ஓரிரவிலேயே கிளறிச் சிதைத்துவிடுகின்றனவாதலால், அவற்றை வேட்டையாடுவது நியாயமென்றே நானும் கருதுகிறேன். ஆயினும், கைத்துப்பாக்கியோடு புறப்படும் நண்பர்கள் சிலர் தோட்டாவின் விஷயத்தில் காட்டும் அலட்சியம் என் மனத்தை வருத்துகிறது.

முதிர்ந்த ஆண்பன்றியின் தோள்மீது, தன்னினத்து ஆண்களோடு பொருதும்போது அவற்றின் கோரைப்பற்களினின்று அதனைக் காக்கும்பொருட்டு, தடித்த திசுவாலான கவசமொன்று இயற்கையாகவே அமைந்திருக்கிறது. தற்காப்புக்கென்று செய்யப்பட்ட, நுனியிற் குழிவுடைய 9 மில்லிமீட்டர் குண்டோ, உடலிற் பட்டவுடனே விரிந்து வேகமிழப்பதையே சுபாவமாகக் கொண்டது. அக்கவசத்தையும் தோளெலும்பையும் கடந்து அது இருதயத்தை எட்டுமென்று நம்புவதற்கில்லை. (அவ்விருதயமும் நாம் எண்ணுவதைவிடத் தாழ்வாகவே இருக்கிறது.) 1955-இல் வெளிவந்த 44 மாக்னம் போன்ற வலிய ரகத்தில், கடினமான ஈயக்கலவையில் வார்த்த தட்டைமுனைக் குண்டையோ, முழுவதும் செம்பாலான குண்டையோ தேர்வதே விவேகம். செம்பையே நான் விரும்புவேன். ஈயத்துணுக்குகளை இரையோடு விழுங்கிக் காண்டோர் கழுகுகள் மடிந்ததனாலன்றோ, கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக்குண்டை அறவே விலக்கியது!

நண்பர்களே, குண்டுபட்டும் சாகாமல் புதருக்குள் ஓடி இரவெல்லாம் துடிப்பதும் ஓர் உயிர்தான். மலிவாகக் கைவசமிருக்கிறதென்ற காரணத்துக்காக, தகாத தோட்டாவோடு காட்டுக்குள் நுழையாதீர்கள்.