தோளில் தொங்கிய தண்ணீர்ப் பை

பினாங்குத் தண்ணீர்மலை முருகன் ஆலயத்திற்கு 513 படிகள். ஒரு கையால் பாட்டியையும் மறு கையால் கைப்பிடிக் கம்பியையும் பற்றினால், தண்ணீர்ப் புட்டியை எப்படி ஏந்துவது? ஆகவே, அக்காளும் தங்கையுமாகிய நாங்கள் பருத்தி நூலும் கொக்கி ஊசியும் கொண்டு தோளில் மாட்டும் பையொன்று பின்னினோம். முதலில் அடிவட்டம், புட்டியின் அகலம் வந்ததும் கண்ணிகளைக் கூட்டாமல் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றினோம். முன்புறம், பாட்டியின் இளைப்பு மாத்திரைக்கென ஒரு சிறு உறை.

வார்தான் எங்களை ஏமாற்றியது! ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ அல்லவா? நூல் நீண்டு, புட்டி முழங்காலை இடித்தது. பிரித்து, சிறிய ஊசியால் நெருக்கமாகப் பின்னினோம்.

தைப்பூசத்தன்று பாதி வழியில் பாட்டிக்கு மூச்சு வாங்கியது. கையை விடாமலே மாத்திரையும் நீரும் தந்தோம். சற்று இளைப்பாறியபின், "அடுத்த ஆண்டு எனக்கும் ஒன்று பின்னுங்கள்" என்றார் பாட்டி.